ஹதீஸ்னா என்ன, சுன்னான்னா என்ன, எங்கிருந்து நம்ம கைக்கு வந்துச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷா வருஷம் ரமலானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு மெசேஜ் வந்துடும், "ரமலான் வரும் செய்தியை முதலில் சொல்பவருக்கு நரகம் ஹராம் (தடை)"னு, கீழ நபி (ஸல்)னு பேர் மட்டும் இருக்கும் (ஸல்ங்கிறது நபி பேரோட சொல்ற வாழ்த்தோட சுருக்கம்). எந்த கிதாப் (நூல்), யார் அறிவிச்சது, ஒண்ணுமே இருக்காது. ஏன்னா அப்படி ஒரு ஹதீஸ் எந்த நூல்லயும் இல்ல. அனுப்புறவங்க எல்லாம் நல்ல மனுஷங்க, நன்மை கிடைக்கும்னுதான் அனுப்புறாங்க, ஆனா நபி (ஸல்) சொல்லாததை அவங்க பேர்ல சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிக்கிறதில்ல. சொந்தக்காரங்க, காலேஜ் பசங்க, முஸ்லிம் அல்லாத நண்பர்கள்னு பல பேர் என்கிட்ட கேட்ட கேள்விகளைச் சேர்த்து இங்க எழுதி வச்சிருக்கேன்.

ஹதீஸ், சுன்னா, நபிமொழி, மூணும் ஒண்ணுதானா?

பேச்சு வழக்குல ஒண்ணு மாதிரிதான் சொல்றோம், ஆனா கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. ஹதீஸ்ங்கிற அரபிச் சொல்லுக்கு செய்தி, பேச்சுன்னு அர்த்தம், புதுசுங்கிற அர்த்தமும் உண்டு. நபி (ஸல்) பத்தி ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லி, அது கைமாறி வந்து நூல்ல பதிஞ்சிருக்கிற ஒவ்வொரு செய்தியும் ஒரு ஹதீஸ். சுன்னான்னா பாதை, நடந்து நடந்து தேஞ்சு வழியான பாதை, அதாவது நபி (ஸல்) வாழ்ந்து காட்டின முறை. அந்த வாழ்க்கை முறை சுன்னா, அதை நமக்குத் தெரியப்படுத்துற செய்தி ஹதீஸ். நபிமொழின்னு தமிழ்ல சொல்றது அழகான சொல்தான், ஆனா அதைக் கேட்டா நபி பேசினது மட்டும்னு தோணும், ஹதீஸ் அதைவிட அகலம்.

சுன்னத்னா பசங்களுக்குப் பண்றது தானே?

நம்ம ஊர்ல சுன்னத் கல்யாணம்னு விருத்தசேதனத்துக்குப் பேர் வச்சதால இந்தக் குழப்பம். அதுவும் நபிவழிங்கிறதாலதான் அந்தப் பேர் வந்துச்சு. ஃபிக்ஹ்ல, அதாவது மார்க்கச் சட்டத்துல, சுன்னத்னா இன்னொரு அர்த்தம், ஃபர்ளு (கட்டாயம்) இல்லாத ஆனா செஞ்சா நன்மை உள்ள அமல் (செயல்), சுபுஹு, அதாவது அதிகாலைத் தொழுகைக்கு முன்னாடி ரெண்டு ரக்அத் (தொழுகையோட ஒரு சுற்று) சுன்னத்னு சொல்றோம்ல அது. ஹதீஸ் கலையில சுன்னான்னா நபி (ஸல்) அவங்களோட முழு வழிமுறையும்.

நபி வாயால சொன்னது மட்டும்தான் ஹதீஸா?

இல்ல. சொன்னது, செஞ்சது, கண் முன்னாடி நடந்தும் தடுக்காம விட்டது, மூணும் ஹதீஸ்தான். தோற்றம், குணம் பத்தின செய்திகளும் இதுல சேரும்.

மூணாவது வகைதான் பலருக்குப் புரியாது, அதுக்கு நபித்தோழர் காலித் பின் வலீத் (ரலி) சம்பவத்தைச் சொல்வேன் (ரலிங்கிறது தோழர்கள் பேரோட சொல்ற வாழ்த்தோட சுருக்கம்). நபியோட மனைவி மைமூனா (ரலி) வீட்டுல சுட்ட உடும்பு வச்சாங்க, நபி (ஸல்) கையை நீட்டினாங்க, இது உடும்புன்னு சொன்னதும் கையை எடுத்துட்டாங்க. காலித் (ரலி) "இது ஹராமா"ன்னு கேட்டாங்க, "இல்ல, ஆனா என் ஊர்ப்பக்கம் இது கிடையாது, அதனால எனக்குப் பிடிக்கல"ன்னு பதில் வந்துச்சு. காலித் (ரலி) தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டாங்க, நபி (ஸல்) பார்த்துக்கிட்டு இருந்தாங்க. புகாரி, முஸ்லிம்னு ரெண்டு பெரிய ஹதீஸ் நூல்லயும் இருக்கு. தனக்குப் பிடிக்காததை அடுத்தவருக்குத் தடை பண்ணாம உக்காந்திருந்த அந்தப் பார்வைகூட ஒரு சட்டமாச்சு. எனக்கு இந்த ஹதீஸ் மேல தனிப் பிரியம்.

ஹதீஸ் குத்ஸி எது?

கருத்து அல்லாஹ்கிட்ட இருந்து, அதை நபி (ஸல்) "அல்லாஹ் சொல்றான்"னு எடுத்துச் சொன்னது. குர்ஆன் இல்ல, தொழுகையில ஓத முடியாது. இதுலயும் ஸஹீஹ் (சரியானது) உண்டு, பலவீனமானதும் உண்டு, குத்ஸின்னு போட்டிருந்தா உடனே சரின்னு எடுத்துக்கக் கூடாது.

குர்ஆன் இருக்கும்போது ஹதீஸ் எதுக்கு?

தொழுங்கன்னு குர்ஆன் பல இடத்துல சொல்லுது, ஆனா மதியத் தொழுகையான லுஹருக்கு நாலு ரக்அத், மாலைத் தொழுகையான மஃரிபுக்கு மூணுன்னு எண்ணிக்கை அதுல இல்ல. ஜகாத் (கட்டாய தர்மம்) கொடுங்கன்னு இருக்கு, 200 திர்ஹம் வெள்ளிக்கு 5 திர்ஹம், அதாவது நாம இன்னைக்குக் கணக்குப் போடுற இரண்டரை சதவீதம், அது ஹதீஸ்லதான் இருக்கு. "என்னை எப்படித் தொழப் பார்த்தீங்களோ அப்படித் தொழுங்க"ன்னு நபி (ஸல்) சொன்னதை மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அறிவிக்கிறாங்க, புகாரியில இருக்கு. குர்ஆனே "தூதர் உங்களுக்குக் கொடுத்ததை எடுத்துக்கங்க, தடுத்ததை விட்டு விலகிக்கங்க"ன்னு 59:7ல சொல்லுது, அந்த வசனம் வந்த இடம் போர்ப்பொருள் பங்கீடுதான், ஆனா ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அதைப் பொதுவாவே எடுத்தாங்க. மக்களுக்கு விளக்கிச் சொல்றதுக்காக உமக்கு இறக்கினோம்னு 16:44 இருக்கு. குர்ஆன் மட்டும் போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், நீங்க தொழுற தொழுகையை எங்க இருந்து கத்துக்கிட்டீங்க?

அப்போ நபி செஞ்ச எல்லாமே மார்க்கமா?

மதீனாவுல பேரீச்ச மரத்துக்கு ஆண் பூவைப் பெண் பூவுல சேர்த்துக் கட்டி மகரந்தம் சேர்ப்பாங்க. அது தேவையில்லன்னு நினைக்கிறேன்ங்கிற மாதிரி நபி (ஸல்) சொன்னாங்க, மக்கள் விட்டுட்டாங்க, அந்த வருஷம் விளைச்சல் சரியில்ல. விஷயம் தெரிஞ்சதும் "உங்க உலக விவகாரம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்"னு சொன்னாங்க, முஸ்லிம்ல இருக்கு. விவசாயம், வைத்தியம் மாதிரி அனுபவ விஷயத்துல சொன்னது எது, மார்க்கமா சொன்னது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஃபுகஹாக்கள் (சட்ட அறிஞர்கள்) ரொம்ப உழைச்சிருக்காங்க.

ஸனத், மத்தன்னு ஆலிம்கள் சொல்றது என்ன?

ஒரு ஹதீஸுக்கு ரெண்டு பகுதி. யார் யார்கிட்ட கேட்டாங்கங்கிற பேர் வரிசை ஸனத், தமிழ்ல அறிவிப்பாளர் தொடர். அதுக்கப்புறம் வர்ற விஷயம் மத்தன். நாம ஃபார்வேர்டு பண்ணும்போது முதல் பகுதியை வெட்டிப் போட்டுட்டு ரெண்டாவதை மட்டும் அனுப்புறோம், ஆனா ஹதீஸ் அறிஞர்களோட பாதி ஆயுசு அந்த முதல் பகுதியிலதான் போச்சு.

புகாரியோட முதல் ஹதீஸையே எடுத்துக்குவோம், "செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே"ன்னு எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சது. இமாம் புகாரிக்குச் சொன்னது ஹுமைதி, மக்காக்காரர். அவருக்குச் சொன்னது சுஃப்யான் பின் உயைனா. அவருக்கு யஹ்யா பின் சயீத் அல்அன்சாரி, அவருக்கு முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ, அவருக்கு அல்கமா பின் வக்காஸ் அல்லைஸீ. அந்த அல்கமா சொல்றாங்க, உமர் (ரலி) மிம்பர் (பள்ளிவாசல் மேடை) மேல நின்னு நபி (ஸல்) சொன்னதா இதைச் சொல்ல நான் கேட்டேன்னு. நபி (ஸல்) அவங்களுக்கும் இமாம் புகாரிக்கும் நடுவுல ஆறே பேர். இந்த ஆறு பேர்ல ஒவ்வொருத்தரும் எந்த ஊர், யார்கிட்ட படிச்சாங்க, ஞாபக சக்தி எப்படி, வாழ்க்கையில பொய் சொன்னதா பேர் உண்டா, எந்த வருஷம் மவுத்தானாங்க (இறந்தாங்க), எல்லாம் தனித்தனி நூல்கள்ல பதிவாகி இருக்கு. கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, உமர் (ரலி) மிம்பர்ல எல்லார் முன்னாடியும் சொன்ன விஷயம்தான் இது, ஆனா நம்பகமான வழியில அவங்ககிட்ட இருந்து அல்கமா ஒருத்தர் வழியாதான் வருது, யஹ்யா பின் சயீதுக்கு அப்புறம்தான் பெரிய கூட்டமே அறிவிக்குது. இதை மறைக்காம முஹத்திஸ்களே (ஹதீஸ் அறிஞர்களே) எழுதி வச்சிருக்காங்க. தங்களுக்குப் பிடிச்ச ஹதீஸ்ங்கிறதுக்காக சலுகை காட்டல.

நபி மவுத்தாகி 200 வருஷம் கழிச்சு எழுதினதை எப்படி நம்புறது?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. நபி (ஸல்) மவுத்தானது ஹிஜ்ரி 11, அதாவது 632. இமாம் புகாரி பிறந்தது ஹிஜ்ரி 194, அதாவது 810. கணக்கைப் பார்த்தா இடைவெளி பெருசுதான். ஆனா புகாரிதான் முதல்ல எழுத ஆரம்பிச்சார்னு நினைக்கிறதுலதான் தப்பு இருக்கு.

எழுத்து நபி (ஸல்) காலத்துலயே ஆரம்பிச்சுடுச்சு. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) எழுதி வச்ச ஏட்டுக்கு "ஸாதிகா"ன்னே பேர். மக்கா வெற்றியப்போ நபி (ஸல்) உரையைக் கேட்ட யமன்காரர் அபூ ஷாஹ், இதை எனக்கு எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க, "அபூ ஷாஹுக்கு எழுதிக் கொடுங்க"ன்னு நபி (ஸல்) சொன்னாங்க. அலி (ரலி) கிட்ட ஒரு ஏடு இருந்துச்சு, நஷ்ட ஈடு, கைதி விடுவிப்பு மாதிரி சட்டங்கள் அதுல இருந்துச்சு. இன்னொரு பக்கம் "குர்ஆன் தவிர என்கிட்ட இருந்து எதையும் எழுதாதீங்க"ன்னு அபூ சயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிற ஹதீஸும் முஸ்லிம்ல இருக்கு, அதை மறைக்கத் தேவையில்ல. குர்ஆனோட கலந்துடக் கூடாதுங்கிற ஆரம்ப கால எச்சரிக்கைன்னு பெரும்பாலான ஆலிம்கள் விளக்கம் சொல்றாங்க.

அபூ ஹுரைரா (ரலி) கிட்ட படிச்ச ஹம்மாம் பின் முனப்பிஹ்னு ஒரு தாபியீ (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறைக்காரர்), 138 ஹதீஸ் கொண்ட சின்ன ஏடு ஒண்ணு எழுதினாங்க. அதோட கையெழுத்துப் பிரதிகளை டமாஸ்கஸ்லயும் பெர்லின்லயும் கண்டெடுத்து டாக்டர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் 20ஆம் நூற்றாண்டுல அச்சுல கொண்டு வந்தார். அதை, ஹிஜ்ரி 241ல மவுத்தான இமாம் அஹ்மத் தன் முஸ்னத்ங்கிற ஹதீஸ் தொகுப்புல பதிஞ்சதோட வச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட முழுசும் அப்படியே இருக்கு. ஒரு நூறு வருஷத்துக்கும் மேல கைமாறி வந்த வாசகம் கலையாம இருக்குன்னு கண்ணால பார்க்கலாம்.

அதுக்கப்புறம் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ், ஹிஜ்ரி 99ல இருந்து 101 வரைக்கும் ஆட்சி பண்ணவங்க, அறிவு அழிஞ்சு போயிடும்னு பயப்படுறேன், ஹதீஸ்களை எழுதுங்கன்னு மதீனாவுக்குக் கடிதம் போட்டாங்க. இமாம் மாலிக்கோட முவத்தாங்கிற ஹதீஸ் தொகுப்பு புகாரிக்கு முன்னாடியே வந்துடுச்சு, மாலிக் மவுத்தானது ஹிஜ்ரி 179. புகாரி இருந்ததையெல்லாம் சலிச்சு எடுத்தவர், ஆரம்பிச்சவர் இல்ல.

இப்படி யார் சொன்னான்னு விசாரிக்கிற பழக்கம் எப்ப வந்துச்சு?

ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்துலயே. அபூ மூசா அல்அஷ்அரீ (ரலி), உமர் (ரலி) வீட்டு வாசல்ல மூணு தடவை சலாம் சொல்லி அனுமதி கேட்டாங்க, பதில் வரல, திரும்பிட்டாங்க. உமர் (ரலி) கூப்பிட்டு ஏன் போனீங்கன்னு கேட்டப்போ, மூணு தடவை கேட்டும் அனுமதி கிடைக்கலன்னா திரும்பிடுங்கன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்கன்னு பதில் சொன்னாங்க. உமர் (ரலி) விடல, இதுக்கு சாட்சி கொண்டு வாங்கன்னாங்க. அபூ மூசா (ரலி) கலங்கிப் போய் அன்சாரிகள் (மதீனாக்காரத் தோழர்கள்) உக்காந்திருந்த இடத்துக்கு வந்தாங்க. இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, எங்கள்ல சின்னவரை அனுப்புறோம்னு அபூ சயீத் (ரலி) அவங்களை அனுப்பினாங்க. அவங்க போய்ச் சொன்னதும் உமர் (ரலி) சொன்னது என்ன தெரியுமா, கடைவீதி வியாபாரம் இதை என்கிட்ட இருந்து மறைச்சுடுச்சேன்னு. நபியோட நெருங்கின தோழர், கலீஃபா, தனக்குத் தெரியாததை இப்படி ஒத்துக்கிட்டாங்க. அபூ மூசா மாதிரி ஒருத்தர்கிட்டயே சாட்சி கேட்டாங்கன்னா வாட்ஸ்அப் மெசேஜ்கிட்ட கேக்க நாம ஏன் கூச்சப்படணும்?

ஜாபிர் (ரலி) ஒரே ஒரு ஹதீஸை நேரடியா கேக்குறதுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாசம் பயணம் பண்ணி ஷாம்ல (சிரியா பக்கம்) இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) வீட்டுக்கே போனாங்க. அப்புறம் குழப்பங்கள், கட்சிகள் வந்த பிறகு இது ஒரு முறையாவே ஆயிடுச்சு. "முன்னாடி ஸனத் பத்திக் கேக்க மாட்டாங்க, ஃபித்னா (குழப்பம்) வந்ததும் உங்க ஆட்களோட பேரைச் சொல்லுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க"ன்னு இப்னு ஸீரீன் சொன்னதை இமாம் முஸ்லிம் தன் முன்னுரையில பதிஞ்சிருக்காங்க. அதே முன்னுரையில அப்துல்லாஹ் பின் முபாரக் சொன்னதும் இருக்கு, "ஸனத் மார்க்கத்துல ஒரு பகுதி, அது இல்லன்னா யார் வேணாலும் எதை வேணாலும் சொல்லியிருப்பாங்க"ன்னு.

ஸஹீஹ், ஹசன், ளயீஃப், எப்படி முடிவு பண்றாங்க?

ஸஹீஹுக்கு அஞ்சு நிபந்தனை. தொடர் அறுபடாம இருக்கணும், அறிவிக்கிற ஒவ்வொருத்தரும் நேர்மையானவரா இருக்கணும், ஞாபகமோ எழுத்தோ உறுதியா இருக்கணும், தன்னைவிட நம்பகமானவங்க சொல்றதுக்கு முரணா இருக்கக் கூடாது, உள்ளுக்குள்ள மறைஞ்ச குறை இருக்கக் கூடாது. ஞாபக சக்தி மட்டும் கொஞ்சம் குறைச்சலா இருந்தா ஹசன். நிபந்தனை விழுந்து போனா ளயீஃப், அதாவது பலவீனம். பொய்யா உருவாக்கினது மவ்ளூஃ, இட்டுக்கட்டப்பட்டதுன்னு தமிழ்ல சொல்றோம்.

பலவீனமான அறிவிப்பாளர்னா கெட்டவர்னு பலர் நினைக்கிறாங்க. எகிப்துல காழியா (நீதிபதியா) இருந்த இப்னு லஹீஆவைப் பாருங்க, பெரிய அறிஞர். அவரோட நூல்கள் தீயில எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ஞாபகத்துல இருந்து அறிவிக்கும்போது குழப்பம் வந்துடுச்சு. அதனால முன்னாடி அவர்கிட்ட கேட்ட இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் மாதிரி ஆட்கள் வழியா வந்தா ஒரு தீர்ப்பு, பின்னாடி கேட்டவங்க வழியா வந்தா வேற தீர்ப்புன்னு சொன்ன இமாம்கள் இருக்காங்க. ஒரு மனுஷனோட வாழ்க்கையை எரியுறதுக்கு முன், பின்னு பிரிச்சுப் பார்த்திருக்காங்க, இந்த நுணுக்கத்தை முதல்ல படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

மத்தனையும் பார்ப்பாங்க. குடும்பத்தார் அழுறதால மய்யித்துக்கு (இறந்தவருக்கு) வேதனை உண்டுன்னு அறிவிச்சதைக் கேட்ட ஆயிஷா (ரலி), ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் சுமக்க மாட்டார்ங்கிற குர்ஆன் வசனத்தை எடுத்துக் காட்டி, அவங்க சரியா விளங்கிக்கலன்னு திருத்தினாங்க.

நபி பேர்ல பொய் சொல்ல யாருக்கு மனசு வந்துச்சு?

அரசியல், கட்சி, வியாபாரம், ராஜா முன்னாடி நல்ல பேர் வாங்குற ஆசை, எல்லாம் உண்டு. கலீஃபா மஹ்திக்குப் புறா வளர்ப்புல ஆசை. கியாஸ் பின் இப்ராஹீம்னு ஒருத்தர் அரண்மனைக்கு வந்தப்போ, அம்பு, ஒட்டகம், குதிரைப் பந்தயத்துல மட்டும்தான் பரிசுப் பணம்ங்கிற ஹதீஸ்ல பறவையும் அடங்குற மாதிரி "இறக்கை"ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிட்டார். மஹ்தி பரிசு கொடுத்து அனுப்பிட்டு, இவன் பொய்யன்னு சொல்லி, இதுக்குக் காரணம் இந்தப் புறாக்கள்தான்னு அதை அறுக்கச் சொல்லிட்டார்னு நூல்கள்ல இருக்கு.

இதைவிட வேதனையானது நல்ல எண்ணத்துல சொன்ன பொய். நூஹ் பின் அபீ மர்யம்னு ஒருத்தர் குர்ஆன் சூரா (அத்தியாயம்) ஒவ்வொண்ணுக்கும் சிறப்பு சொல்லி ஹதீஸ் உருவாக்கினார், கேட்டதுக்கு மக்கள் குர்ஆனை விட்டுட்டு வேற பக்கம் போறாங்க, அதனால நன்மைக்காகச் செஞ்சேன்னார். ரமலான் ஃபார்வேர்டு அனுப்புற நம்ம ஆட்கள் சொல்ற அதே காரணம். "என் மேல வேணும்னே பொய் சொல்றவன் நரகத்துல தன் இடத்தைத் தயார் பண்ணிக்கட்டும்"ங்கிற ஹதீஸ் அறுபதுக்கும் மேற்பட்ட ஸஹாபாக்கள் வழியா வந்திருக்கு, அதுல நல்லதுக்குச் சொன்னா பரவாயில்லன்னு விதிவிலக்கு எதுவும் இல்ல.

பயான்ல (மார்க்கச் சொற்பொழிவுல) அடிக்கடி கேக்குற சில ஹதீஸ்கள் நிலை என்ன?

"சீனா சென்றேனும் கல்வியைத் தேடு", இது நம்ம ஊர்ல ஸ்கூல் ஆண்டு விழா மேடை வரைக்கும் போயிருக்கு. இப்னு ஹிப்பான் அடிப்படை இல்லாததுன்னு சொல்லிட்டாங்க, இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்ட பட்டியல்ல சேர்த்துட்டாங்க. கல்விக்குச் சிறப்பு சொல்ல இது தேவையே இல்ல, "கல்வியைத் தேடி ஒரு பாதையில நடக்கிறவருக்கு அல்லாஹ் சொர்க்கத்துக்குப் போற பாதையை லேசாக்குறான்"னு முஸ்லிம்ல உறுதியான ஹதீஸ் இருக்கு.

"தாயின் காலடியில் சொர்க்கம்", இந்த வாசகத்துல வர்ற அறிவிப்பு சரியில்ல. ஆனா கருத்து நஸாயீயில நல்ல வழியில வருது. ஜாஹிமா (ரலி) போருக்குப் போக ஆலோசனை கேட்டு வந்தாங்க, உமக்குத் தாய் இருக்காங்களான்னு நபி (ஸல்) கேட்டாங்க, ஆமான்னாங்க, "அவங்களை விட்டுப் போகாதீங்க, சொர்க்கம் அவங்க கால்களுக்குக் கீழ இருக்கு". ஆட்டோ பின்னாடி எழுதுற வாசகத்தைவிட இந்த முழுச் சம்பவம் எவ்வளவு கனமா இருக்குன்னு பாருங்க, போருக்குக் கிளம்பின ஒருத்தரைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புது.

"வியர்வை உலரும் முன் கூலி கொடுங்கள்". எங்க நன்னி (பாட்டி) வீட்டுல கொத்தனார் வேலை முடிச்சு கரண்டியைக் கழுவிக்கிட்டு இருக்கும்போதே முந்தானையில முடிஞ்சு வச்ச காசை எடுத்துட்டு வந்து நிப்பாங்க, கை ஈரமா இருக்குன்னு அவர் தயங்கினாலும் விட மாட்டாங்க, ரசூலுல்லாஹ் சொல்லியிருக்காங்கப்பா, வாங்கிக்கன்னுவாங்க. நான் வளர்ந்து தேடிப் பார்த்தேன், இப்னு மாஜாவுல இப்னு உமர் (ரலி) வழியா இருக்கு, அந்தத் தொடர்ல அப்துர் ரஹ்மான் பின் ஸைத்னு பலவீனமானவர் வர்றார். வேற வழிகளும் இருக்குறதால எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து ஏத்துக்கிட்ட அறிஞர்கள் உண்டு. இதே கருத்துக்கு புகாரியிலயே ஹதீஸ் குத்ஸி இருக்கு, மறுமையில மூணு பேருக்கு நானே எதிரின்னு அல்லாஹ் சொல்றான், அதுல ஒருத்தன் ஆளை வச்சு முழு வேலையும் வாங்கிட்டுக் கூலி கொடுக்காதவன். நன்னி செஞ்சது சரிதான்.

ஆறு கிதாப்னு சொல்றாங்களே, அது எது?

புகாரி (ஹிஜ்ரி 256), முஸ்லிம் (261), இப்னு மாஜா (273), அபூ தாவூத் (275), திர்மிதீ (279), நஸாயீ (303). அடைப்புக்குள்ள இருக்கிறது அந்த இமாம்கள் மவுத்தான வருஷம். புகாராவும் திர்மிதும் இன்னைய உஸ்பெகிஸ்தான்ல இருக்கு, இமாம் முஸ்லிமோட நைசாபூரும் இப்னு மாஜாவோட கஸ்வீனும் ஈரான்ல. மதீனாவுல பேசின பேச்சைக் காப்பாத்தி வச்சது எவ்வளவோ தூரத்துல பிறந்த ஆட்கள்.

புகாரியும் முஸ்லிமும் ஸஹீஹ் மட்டும் எடுக்கணும்னு எழுதினது. மத்த நாலுலயும் பலவீனமானது உண்டு, திர்மிதீ, அபூ தாவூத்னு பேர் இருக்குறதால மட்டும் சரின்னு ஆகாது. திர்மிதீ பெரும்பாலும் ஹதீஸுக்குக் கீழயே தரத்தையும் எழுதியிருப்பாங்க, அது ரொம்ப உதவி.

இமாம் புகாரி ஆறு லட்சம் ஹதீஸ்ல ஏழாயிரம்தான் எடுத்தாராமே, அப்போ மிச்சம் பொய்யா?

இல்ல. அந்தக் கணக்கு ஸனத் கணக்கு. ஒரே செய்தி பத்து வழியில வந்தா பத்து ஹதீஸ்னு எண்ணுவாங்க. இப்போ அச்சுல இருக்கிற எண் வரிசைப்படி புகாரியில 7,563 இருக்கு, திரும்ப வர்றதைக் கழிச்சா சுமார் 2,600. நீளம் கருதி ஸஹீஹானதுலயே பலதை விட்டுட்டேன்னு இமாம் புகாரியே சொல்லியிருக்காங்க.

அபூ ஹுரைரா மூணு நாலு வருஷம்தானே நபி கூட இருந்தாங்க, 5,374 ஹதீஸ் எப்படி?

இதுவும் திரும்ப வர்றதும் பல வழியும் சேர்ந்த எண்ணிக்கைதான், சலிச்சா ரொம்பவே குறையும், அதுலயும் பெரும்பகுதியை வேற ஸஹாபாக்களும் அறிவிச்சிருக்காங்க. அவங்களே பதில் சொல்லியிருக்காங்க, முஹாஜிர் (மக்காவுல இருந்து குடிபெயர்ந்த) சகோதரர்கள் கடைவீதியில, அன்சாரிகள் தோட்டத்துல, நான் வயித்துக்குக் கிடைச்சது போதும்னு நபியோடயே இருந்தேன்னு. உமர் (ரலி) கடைவீதி பத்திச் சொன்னதை இதோட சேர்த்துப் பாருங்க.

பெண்கள் பங்கு உண்டா?

நிறைய. ஆயிஷா (ரலி) பேர்ல 2,210 வருது, வீட்டுக்குள்ள நடந்த பல விஷயம் அவங்க இல்லன்னா நமக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி காலத்துல கரீமா அல்மர்வஸிய்யான்னு ஒரு அம்மா மக்காவுல புகாரி பாடம் நடத்தினாங்க, ஹிஜ்ரி 463ல மவுத்தானாங்க, கதீப் அல்பக்தாதீ மாதிரி பெரிய ஆலிமே ஹஜ்ஜுக்குப் போனப்போ அவங்ககிட்ட உக்காந்து புகாரி ஓதினாங்க. புகாரியோட முக்கியமான பிரதிகள்ல அவங்களோடதும் ஒண்ணு.

ஷியாக்களுக்கும் இதே நூல்கள்தானா?

இல்ல, அவங்களுக்கு நாலு நூல், அதுல முதன்மையானது குலைனீ (ஹிஜ்ரி 329) தொகுத்த அல்காஃபி. நபியோட வீட்டார்ல வந்த இமாம்கள் சொன்னதும் அவங்களுக்கு ஹதீஸ்தான்.

ஹதீஸ் ஒண்ணுன்னா மத்ஹப் (சட்டப் பிரிவு) ஏன் நாலு?

எங்க பக்கம் ஹனஃபி பள்ளி. காயல்பட்டினம், கீழக்கரைன்னு கடலோர ஊருக்குப் போனா ஷாஃபி பள்ளி, சுபுஹுல ரெண்டாவது ரக்அத்ல இமாம் குனூத் (நின்னபடியே செய்யுற பிரார்த்தனை) ஓதுவார், முதல் தடவை போன எனக்கு சஜ்தாவுக்கு (தரையில நெத்தி வைக்க) போறதா நிக்கிறதான்னு தெரியல. ரெண்டு பக்கமும் ஹதீஸ் இருக்கு. அனஸ் (ரலி) வழியா, நபி (ஸல்) ஒரு மாசம் குனூத் ஓதிட்டு விட்டுட்டாங்கன்னு வருது. அதே அனஸ் (ரலி) வழியா, உலகத்தைப் பிரியுற வரைக்கும் சுபுஹுல ஓதினாங்கன்னும் வருது. இந்த ரெண்டாவது தொடர்ல அபூ ஜஅஃபர் அர்ராஸீன்னு ஒருத்தர் இருக்கார், அவர் ஞாபக சக்தி பத்தி விமர்சனம் இருக்கு, அதனால பலர் பலவீனம்னாங்க, இமாம் நவவீ மாதிரி ஷாஃபி அறிஞர்கள் ஏத்துக்கிட்டாங்க. ஒரு ஆளோட ஞாபக சக்தியை எடைபோடுறதுல வந்த வித்தியாசம் இன்னைக்கு ஒரு கடலோரப் பள்ளியில கை ஏந்தி நிக்கிறதுல தெரியுது. இதுக்காகச் சண்டை போட்டுத் தனிப் பள்ளி கட்டுறவங்களைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

பலவீனமான ஹதீஸை வச்சு அமல் செய்யலாமா?

ஹலால், ஹராம் விஷயத்துல ஆதாரமா எடுக்கக் கூடாது. சிறப்பு, ஆர்வமூட்டல் விஷயத்துல நவவீ மாதிரி பலர் அனுமதிச்சாங்க, இப்னு ஹஜர் அதுக்கும் நிபந்தனை போட்டாங்க, கடுமையான பலவீனமா இருக்கக் கூடாது, ஏற்கனவே இருக்கிற பொது விதிக்குள்ள வரணும், நபி சொன்னதுதான்னு உறுதியா நம்பிடக் கூடாது. எதுக்குமே எடுக்க வேணாம்னு சொன்ன அறிஞர்களும் உண்டு.

தமிழ்ல எங்க படிக்கலாம், ஒரு மெசேஜ் வந்தா எப்படிச் சரிபார்க்கிறது?

சென்னை ரஹ்மத் அறக்கட்டளை புகாரி, முஸ்லிம் உட்பட முக்கியமான நூல்களைத் தமிழ்ல அடிக்குறிப்போட கொண்டு வந்திருக்காங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க நேரா புகாரியில குதிக்காம இமாம் நவவீ தொகுத்த நாற்பது ஹதீஸ்ல ஆரம்பிங்க, பேர்தான் நாற்பது, உள்ள 42 இருக்கு. காயல்பட்டினத்துல ரஜப் மாசத்துல புகாரி ஷரீஃப் ஓதி விளக்கம் சொல்ற மஜ்லிஸ் ரொம்ப காலமா நடக்குது, வாய்ப்பு கிடைச்சா ஒரு நாளாவது போய் உக்காந்து கேளுங்க, ஒரு ஸனத் வாயால ஓதப்படுறதைக் காதால கேக்குறது தனி அனுபவம்.

மெசேஜ் வந்தா மூணு விஷயம் இருக்கான்னு பாருங்க, அறிவிச்ச ஸஹாபி பேர், நூல் பேர், எண். எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதனால எண்ணைத் தேடிக் கிடைக்கலன்னா உடனே பொய்னு சொல்லிடாதீங்க, பாடத் தலைப்பு வச்சுத் தேடுங்க. ஆப்ல தரம் போட்டிருந்தா அது யார் கொடுத்த தரம்னும் பாருங்க, ஒரே ஹதீஸுக்கு ரெண்டு அறிஞர் ரெண்டு தரம் கொடுத்திருப்பாங்க. அப்பவும் புரியலன்னா ஜும்ஆ முடிஞ்சு உங்க பள்ளி ஹஸ்ரத்கிட்ட (இமாம்கிட்ட) மொபைலை நீட்டிக் கேளுங்க, பார்த்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்னு அவர் சொன்னா சந்தோஷமா காத்திருங்க, அவர் கிதாபைத் திறந்து பார்க்கப் போறார்னு அர்த்தம். அதுவரைக்கும் மெசேஜை யாருக்கும் அனுப்பாம வச்சிருங்க.